மகள் படிக்கும் கல்லூரியிலேயே அம்மாவும் சேரலாமா?

வடபழனி வாசு:
மெலிசா மெக்கார்த்தி நடித்த 'லைஃப் ஆஃப் த பார்ட்டி' (2018) பார்த்தோம். மகளைக் கல்லூரியில் விட்ட கையோடு கணவன் விவாகரத்து கேட்கிறான். கர்ப்பமானதால் கடைசி வருடத்தில் விட்ட தொல்லியல் படிப்பை முடிக்க, அம்மா மகளின் கல்லூரியிலேயே போய்ச் சேர்கிறாள். சிரித்தோம், சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் அது கல்லூரியில் கடைசி வருடம், அம்மா விடுதியிலேயே வந்து நின்றால்? என் மகள் என்னைக் கல்லூரி வாசல் வரைகூட வர விடமாட்டாள். பஸ் ஸ்டாப்போடு சரி.

சேத்துப்பட்டு செல்வி:
வாசு சார், அந்தப் பிள்ளைக்காகத்தானே அவள் படிப்பை விட்டாள்? அதுவும் அவள் முன்பு படித்த கல்லூரிதான். பாக்கி வருடத்தை வேறு எங்கே போய் முடிப்பாள்?

29சி பயணி:
ரெண்டு பேருமே பணத்தை விட்டுவிட்டீர்கள். வீடு கணவன் பெயரில் இருக்கிறது, பிறகு பணமும் நின்றுபோகிறது. நல்ல சிக்கல். அதை எப்படித் தீர்க்கிறார்கள்? ஒரு பார்ட்டி வைக்கிறார்கள், கிறிஸ்டினா அகிலேரா வந்து பாடுகிறார், முடிந்தது! சைதாப்பேட்டை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வளையலை அடகு வைக்கிறவள் இதைப் பார்த்தால் சிரிப்பாளா?

சேத்துப்பட்டு செல்வி:
சிரிப்பாள். நகைச்சுவைப் படத்தில் அடகுக்கடை ரசீதையா காட்டுவார்கள்?

வடபழனி வாசு:
இன்னொன்று. 2022 ஜனவரியில் தருமபுரி பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயதில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குச் சென்னை வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இளைஞர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று மகன் சொன்னதும் விலகிக்கொண்டார். பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

சேத்துப்பட்டு செல்வி:
அங்கே ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள்! இவள் கடைசி வருடத்தை முடிப்பதால் யாருடைய இடம் போகிறது? ரெண்டையும் ஒன்றாக்காதீர்கள். படத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு, மகளின் கோபம் சட்டென்று ஆறிவிடுகிறது. 'அம்மா கணக்கு' (2016) படத்தில் வீட்டு வேலை செய்யும் அமலா பால் மகளின் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பில் வந்து உட்காருவாரே, அங்கே அந்தப் பெண்ணின் கோபம் நம்மையே குத்தும்.

வடபழனி வாசு:
பார்த்தீர்களா, என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

சேத்துப்பட்டு செல்வி:
வரவே இல்லை. கோபத்தைக் காட்டட்டும் என்றேன், அதற்காக அம்மா விலகட்டும் என்றா சொன்னேன்?

29சி பயணி:
'லைஃப் ஆஃப் த பார்ட்டி'யில், வகுப்பில் எழுந்து பேச வேண்டிய அன்று அந்த அம்மா வேர்த்து வழியும் காட்சியைச் சொல்லாமல் விட்டீர்களே. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ரொம்ப நாள் கழித்துப் பரீட்சை எழுதியவர்களுக்கு அந்தப் பயம் புரியும். படத்திலேயே நிஜமான இடம் அதுதான். பணத்தையும் அதே மாதிரி காட்டியிருந்தால் நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்?

வடபழனி வாசு:
சரி, படிக்கட்டும். விடுதி மட்டும் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடட்டும்.

சேத்துப்பட்டு செல்வி:
எந்த வீட்டுக்கு சார்? அதைத்தான் புருஷன் விற்பனைக்குப் போட்டுவிட்டானே!