'பேசவும்' என்று திரும்பி வந்த கோப்பு

குரூப் 4 எழுதி ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. அப்போதிருந்த தாசில்தார் எந்தக் கோப்பை வைத்தாலும் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால் மீட்டிங்கில் இருப்பார். ஒரு பட்டா மாறுதல் கோப்பு இப்படியே நாலு முறை போய்வந்தது. ஐந்தாம் முறை நான் வைக்கவே இல்லை. பீரோ மேல் போட்டுவிட்டேன். ஓடியாடி வேலை பார்த்தாலும் சும்மா இருந்தாலும் அதே இன்க்ரிமென்ட்தான். 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை வாங்காமல் காலத்தை ஓட்டினால் போதும் என்பது சீனியர்கள் சொல்லிக்கொடுத்த பாலபாடம்.

அப்புறம் ஒரு அம்மா தாசில்தாராக வந்தார். முதல் வாரமே, என்னிடம் வரும் கோப்புகளைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். திட்டு விழும் என்றுதான் போனேன். "இதில் எதெல்லாம் என் கையெழுத்துக்காக நிற்கிறது? அதை முதலில் கொடுங்க" என்றார்.

ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நெருக்கடியில் ஒரு உத்தரவில் உட்பிரிவு எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். கலெக்டர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. 'கையெழுத்து என்னுடையது, சரிபார்த்திருக்க வேண்டியதும் நான்தான்' என்று அவரே பதில் போட்டார். என்னிடம், "இனி எஃப்.எம்.பி. நில அளவை வரைபடத்தைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு அடிங்க தம்பி" என்றதோடு சரி. அன்று ராத்திரி ஏழரை வரை உட்கார்ந்திருந்தேன், யாரும் இருக்கச் சொல்லவில்லை. பீரோ மேல் கிடந்ததையும் இறக்கினேன்.

*

மேலே எழுதியவர் தாலுகா அலுவலகம், நான் மின்வாரியத்தில் வயர்மேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்ததும் எங்களை வெளிமாவட்டத்திலிருந்து வேதாரண்யம் பக்கம் அனுப்பினார்கள். கம்பமெல்லாம் வயலில் படுத்துக் கிடந்தது. எங்கள் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கல்யாண மண்டபத்தில் எங்களோடு பாயில் படுத்தார், எங்கள் அண்டாச் சோற்றையே சாப்பிட்டார், சேற்றில் இறங்கிக் கயிறு இழுத்தார். ஓவர்டைம் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை.

*

எல்லாம் சரி, அந்த அம்மா மாறிப் போன பிறகு என்ன ஆச்சு? முதலில் எழுதியவர் அதைச் சொல்லவே இல்லையே.

*

முதலில் எழுதியவன் நான்தான் சார். இரண்டே வருடத்தில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் மறுபடி 'பேசவும்'. ஆனால் நான் இப்போதெல்லாம் அவர் ஜீப் கிளம்பும் முன்பே கோப்போடு வாசலில் நின்றுவிடுகிறேன். பாதி நாள் கையெழுத்து ஜீப் பானட்டின் மேல்தான் விழுகிறது.