எட்டுப் புடைப்புள்ள முள்ளில்லாக் கள்ளி: இது எந்தச் செடி, ஏன் வளரவில்லை?

கேள்வி: மாடித்தோட்டக்காரி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஒரு நர்சரியில் ‘ஸ்டார் கள்ளி’ என்று சொல்லிக் கொடுத்த செடியை மாடியில் வைத்து வளர்த்து வருகிறேன். முள்ளே இல்லாத, மேற்புறம் சற்றுத் தட்டையான பச்சை உருண்டை. உச்சியிலிருந்து அடிவரை எட்டுப் புடைப்புகள் இறங்குகின்றன. அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்று படங்களில் காட்டப்படும் செடியின் உடல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. இதில் அவை இல்லை. ஆகவே, இதே உருவம் கொண்ட யூஃபோர்பியா ஒபீசாவாக இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது.

ஓராண்டுக்கு மேலாகியும் அளவில் மாற்றம் தெரியவில்லை. தொட்டியில் இருப்பது வண்டல் மண்ணும் மாட்டெருவும் கலந்த கலவை. நாள்தோறும் தண்ணீர் ஊற்றி உரம் வைத்தால்தான் வளரும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். புரட்டாசி முடியப் போகிறது; அடைமழை தொடங்குவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், மன்னார்குடி

அம்மா, வெள்ளைப் புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆஸ்டீரியாஸ் இனத்திலேயே புள்ளியற்ற ‘நூடம்’ வகை ஒன்று உண்டு. விற்பனைக்கும் பரவலாக வருகிறது. ஒரு கைக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு புடைப்பின் நடுமுகட்டையும் பாருங்கள். சாம்பல் அல்லது மஞ்சள் கலந்த வெண்மையில், மென்மயிர் அடர்ந்த சிறு வட்டத் திட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக இருந்தால் அது கள்ளிக் குடும்பமான கேக்டேசியேவைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஏரியோல் எனப்படும் இந்தத் திட்டிலிருந்துதான் முள்ளும் பூவும் கிளையும் கிளம்பும். முள் உதிர்ந்தாலும், முள்ளே தோன்றாவிட்டாலும், திட்டு இருக்கும். வேறு எந்தத் தாவரக் குடும்பத்திலும் இந்த உறுப்பு இல்லை.

யூஃபோர்பியா ஒபீசாவில் மயிர்த்திட்டு கிடையாது. புடைப்பின் முகட்டில் தையல் போட்டதுபோல் நுண்ணிய தழும்புகள் ஓடும். உடலில் செம்பழுப்புக் குறுக்குப் பட்டைகள் தெரியும். தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தைச் சேர்ந்த இச்செடி 1903-இல்தான் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூ மிகச் சிறியது. ஆஸ்டீரியாஸோ மெக்சிகோவின் தாமாலிபாஸ் பகுதிக்கும் டெக்சாஸின் தென்கோடிக்கும் உரியது. செந்நிறத் தொண்டையுடன் கூடிய பெரிய மஞ்சள் பூ உச்சியில் மலரும்.

யூஃபோர்பியாவா என்று அறியச் செடியைக் கீறிப் பால் வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியும் யூஃபோர்பியாதான். அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒபீசாவின் பாலும் அத்தகையதே.

மறுமொழி: திருவையாற்றுக்காரர்

எந்தச் செடியாக இருந்தாலும், இந்த மண்ணில் அது மழைக்காலத்தைக் கடப்பது கடினம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு உயிராக இருக்கும் நம் வண்டல், நீரை நாள் கணக்கில் பிடித்து வைக்கும். காய்ந்தாலோ இறுகி வெடிக்கும். கள்ளியின் மெல்லிய வேர்களுக்கு இரண்டுமே கேடு. டெல்டாவில் கள்ளியைக் கொல்வது சித்திரை வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை ஈரமே என்பது என் உறுதியான கருத்து.

வளராமல் நிற்பதை நோய் என்று எண்ண வேண்டாம். இச்செடிகள் நீரிழப்பைத் தவிர்க்கப் பகலில் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. அந்தச் சேமிப்பைக் கொண்டே மறுநாள் பகலில் உணவு தயாராகிறது. இரவுச் சேமிப்புக்கு ஓர் எல்லை இருப்பதால் வளர்ச்சிக்கும் எல்லை உண்டு. எருவையும் நீரையும் கூட்டினால் திசு தளர்ந்து, தோல் வெடித்து, அழுகலுக்கு வழி பிறக்கும்.

மழைக்கு முன் செடியைப் பெயர்த்து, வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்து, அறுந்த வேர்கள் ஆறுவதற்காக நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். பொடி சலித்து நீக்கிக் கழுவிய பருமணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை எரு அரைப் பங்கு போதும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள தூளை முற்றிலும் கழுவ வேண்டும். இல்லையெனில் அது அடியில் படிந்து வடிதுளையை அடைத்துவிடும். மண் தொட்டியே சிறந்தது. பிறகு சாரல் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, தை பிறக்கும்வரை நீர் ஊற்றாதீர்கள்.

மறுமொழி: நாகைவாசி

முன்னவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் தொட்டி மண்ணில் வெண்படலம் படிகிறது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் பயன்படுத்துவது நல்லது.

விரைவாக வளர்க்க விரும்பினால், டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டுக்கட்டலாம். ஆஸ்டீரியாஸ் அதில் வியக்கத்தக்க வேகத்தில் பருக்கும். ஒபீசாவுக்கு இது பொருந்தாது; குடும்பம் வேறானால் ஒட்டு கூடாது.

மறுமொழி: திருவையாற்றுக்காரர்

ஒட்டுக்கட்டுவது நாற்றைக் காப்பாற்றப் பயன்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் சொந்த வேரில் தட்டையாக, மண்ணோடு படிந்து நிற்பதே ஆஸ்டீரியாஸின் இயல்பான அழகு. ஒட்டுச் செடியோ ஊதி உயர்ந்துவிடுகிறது. அம்மா வைத்திருக்கும் செடி நலமாக இருந்தால் அதை அறுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: மாடித்தோட்டக்காரி, கும்பகோணம்

ஐயா அவர்களுக்கு நன்றி. கண்ணாடியில் பார்த்தேன், ஒவ்வொரு முகட்டிலும் மயிர்த்திட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே ஆஸ்டீரியாஸ் என்றே கொள்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: தை வரை நீரின்றி வைத்தால் செடி சுருங்காதா? சுருக்கத்தையும் அழுகலையும் எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், மன்னார்குடி

சுருங்கும், அம்மா. பிறந்த நிலத்திலும் வறட்சியில் அது மண்மட்டத்துக்குத் தாழ்ந்து தட்டையாகிவிடும். நீர் கிடைத்ததும் மீண்டும் பருக்கும். சுருக்கம் உடல் முழுவதும் ஒரே சீராக இருக்கும், தொட்டால் உறுதி குறையாது. அழுகலோ ஓரிடத்தில் தொடங்கும். பெரும்பாலும் மண்ணைத் தொடும் அடிப்பகுதியில் நிறம் பழுப்பாகி, விரல் வைத்தால் அமுங்கும். அப்படிக் கண்டால் அன்றே வெளியில் எடுத்து, வெட்டுமுகம் முழுவதும் கறையின்றித் தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவி, கந்தகத் தூள் தடவிக் காய வையுங்கள். தையில் முதல் நீரை மாலையில், தொட்டியின் ஓரமாக, குறைவாக ஊற்றுங்கள். உச்சிக் குழியில் நீர் தேங்கக் கூடாது.