உங்கள் லைசென்ஸ் விவரத்தை எந்தப் போலீஸ்காரர் பார்த்தார்? அமெரிக்க அனுபவங்கள்

வேலைக்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் லைசென்ஸ் பதிவைப் போலீஸ்காரர் யாராவது திறந்து பார்த்தார் என்று சந்தேகமா? மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு: அங்கே லைசென்ஸ் விவரம் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று எழுத்தில் ஆடிட் (பார்த்தவர்களின் பட்டியல்) கேளுங்கள். பழைய குடும்பப்பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் காவல் துறைகளின் பெயர்தான். அதிகாரியின் பெயருக்கு வழக்கு வரை போகவேண்டியிருக்கலாம். ஒரு முன்னாள் பெண் போலீஸின் பதிவை நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் 400 தடவைக்கு மேல் பார்த்தது இப்படிக் கேட்டதால்தான் வெளியே வந்தது. 2012-ல் அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

*

ஆடிட் வந்ததும் தேதிகளைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. லைசென்ஸ் விவரத்தைத் தகுந்த காரணமில்லாமல் பார்ப்பதைத் தடுக்கும் 1994 ஓட்டுநர் அந்தரங்கச் சட்டத்தில் குறைந்தபட்ச நஷ்டஈடு 2,500 டாலர், ஆனால் வழக்குப் போடக் கெடு 4 வருஷம். அதுவும் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து இல்லை, போலீஸ்காரர் தேடிய நாளிலிருந்து. மினசோட்டாவும் அடங்கும் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் அப்படித்தான் சொல்லிவிட்டது. (அநியாயம்தான். ஆடிட் கேட்கும்வரை யாருக்குத் தெரியும்?) பார்த்தார் என்பது மட்டும் போதாது, வேலைக்காகப் பார்க்கவில்லை என்றும் காட்டவேண்டும். நள்ளிரவுத் தேடல்கள், சில மணி நேரத்துக்குள் வேறு வேறு ஊர்ப் போலீஸ் ஒரே பெயரைத் திறந்தது, தேடியவர் தெரிந்தவர் என்பது: அதே தீர்ப்பு எடைபோட்டவை இவைதான். அந்த வரிகளைத் தனியே குறித்து வையுங்கள்.

*

"ஹேக்கிங் சட்டத்தில் உள்ளே தள்ளலாமே" என்பவர்கள் வான் ப்யூரன் தீர்ப்பைப் படியுங்கள். வான் ப்யூரன் என்ற ஜார்ஜியா போலீஸ் சார்ஜென்ட் காசு வாங்கிக்கொண்டு நம்பர் பிளேட் தேடினார். 2021-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது: டேட்டாபேஸைத் திறக்க அவருக்கு அனுமதி உண்டு, நோக்கம் தப்பு என்பதால் மட்டும் அந்த ஹேக்கிங் சட்டம், அதாவது 1986 கணினி மோசடிச் சட்டம், பாயாது. மிச்சம் மாநிலச் சட்டமும் துறை நடவடிக்கையும்.

*

லைசென்ஸோடு நிறுத்திவிடாதீர்கள், நம்பர் பிளேட்டைப் படித்துப் பதிவுசெய்யும் பிளேட் கேமராவும் இருக்கிறது. கான்சாஸில் ஒரு சிற்றூர்ப் போலீஸ் தலைவரே முன்னாள் காதலியையும் அவருடைய புதுத் துணையையும் 200 தடவைக்கு மேல் அதில் தேடியிருக்கிறார். காரணம் என்ற கட்டத்தில் ‘விசாரணை’ என்று தட்டினாலே போதும் என்றிருந்த இடங்கள் உண்டு. எனவே புகாரில் ஒவ்வொரு தேடலுக்கும் கேஸ் நம்பர் கேளுங்கள். அதற்கும் முன்னால், லாகையும் (யார் எப்போது தேடினார் என்ற பதிவு) கேமராப் பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு கடிதம் போய்விட வேண்டும். கேமராப் பதிவுகள் பல இடங்களில் ரொம்ப நாள் தங்காது.