உதவி: காமன் கூத்தில் சனங்களின் போன்களை இணைத்தால் பாதி வேலை செய்யவில்லை

கூத்துப் பொட்டல்:
இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில், சிவன் காமனை எரிக்கும் கதையான காமன் கூத்தைச் சுருக்கி மேடையேற்றுகிறோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும்போது சபையிலுள்ள எல்லாப் போன் திரையும் சிவக்க வேண்டும். ஆட்கள் போனை அசைக்க அசைக்க, புரொஜெக்டரில் தீ உயர வேண்டும். கியூஆர் கோட், லேப்டாப்பில் போன்களோடு விடாமல் தொடர்பிலிருக்கும் வெப்சாக்கெட் சர்வர், ஒரு வீட்டு ரவுட்டர், இவ்வளவுதான். எங்கள் குழுவின் போன்களில் அருமையாக ஓடியது. ஒத்திகைக்கு ஊர்ச்சனம் வந்ததும் பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. திறந்தவர்களுக்கும் தப்பு மேளம் ஓய்ந்த பிறகுதான் சிவப்பு வந்தது. ஐபோன்களில் அசைவே பதியவில்லை. 300 பேர் வரை வருவார்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் மோசம் என்பதால் வெளி சர்வரை நம்ப முடியாது. என்ன செய்யலாம்?

பண்டாரவளை வயர்மேன்:
தம்பி, முதலில் ரவுட்டரைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர் சில டசின் போன்களிலேயே திணறும். பல ரவுட்டர்களில் 100 ஐபி முகவரிதான் (ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் தரும் எண்) ஒதுக்கியிருக்கும். அதற்குப் பிறகு வருபவருக்கு முகவரியே கிடைக்காது. எத்தனை முகவரிக்கு இடம் என்று தீர்மானிக்கும் சப்நெட் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கி, ஒதுக்கும் முகவரிகளையும் கூட்டினால் 510 வரை இடம் உண்டு. பெரிய கூட்டத்துக்கென்றே செய்த ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) மூன்றை வாடகைக்கு எடுத்து, ஒன்றோடொன்று மோதாமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று சேனல் பிரித்துக் கொடுங்கள். மேசையில் வைக்காமல் கூரைப்பக்கம் உயரக் கட்டுங்கள், மனித உடம்பு இந்த அலையை நன்றாக உறிஞ்சும்.

இன்னொன்று. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்தால் பல ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் உங்கள் லேப்டாப்பை எப்படிக் கண்டுபிடிக்கும்? கூத்து தொடங்குமுன் டேட்டாவை நிறுத்தச் சொல்லி மைக்கில் அறிவியுங்கள்.

பதுளை கோடர்:
அண்ணா சொன்னது சரி. ஐபோன் சிக்கல் வேறு. 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், பயனர் ஒரு பொத்தானைத் தொட்டு அனுமதி தந்தால்தான் அசைவு சென்சார் திறக்கும். பக்கமும் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) ஆக இருக்க வேண்டும். ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, அதற்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழை டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் பதிவு) வழியாக முன்கூட்டியே எடுத்து, அந்தப் பெயரை லேப்டாப்பின் உள்ளூர் ஐபிக்குத் திருப்புங்கள். திரை அணையாமல் வைக்கும் வேக் லாக்கும் அப்போதுதான் வேலை செய்யும்.

தாமதத்துக்கு: சென்சார் நொடிக்கு 60 முறை அளந்தால், 300 போன் 18,000 செய்தி அனுப்பும். போனிலேயே சராசரி எடுத்து நொடிக்கு நான்கு முறை அனுப்பினால் 1,200தான். சிவப்புக்கு "இப்போது மாறு" என்று கட்டளை அனுப்பாதீர்கள். போன் இணையும்போதே சர்வர் கடிகாரத்தோடு அதன் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, "இன்ன நேரத்தில் மாறு" என்று இரண்டு நொடி முந்தி அனுப்புங்கள். எல்லாம் ஒன்றாகச் சிவக்கும்.

கூத்துப் பொட்டல்:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. ஆனால் சிவன் கண்ணைத் திறப்பது தப்பு அடிப்பவர் கையில் இருக்கிறது, அடி ஒவ்வொரு முறையும் நீளும். இரண்டு நொடி முந்தி எப்படித் தெரியும்?

பதுளை கோடர்:
அடி இறுகத் தொடங்கும் இடம் உங்கள் தப்புக்காரருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் ஒருவரை லேப்டாப்போடு உட்கார வையுங்கள், தப்புக்காரர் தலையசைத்ததும் அந்த ஆள் பொத்தானை அழுத்தட்டும்.