ஸ்னேக் ஈட்டர்: சிறைக்குள் வந்த அந்தக் கத்திக்காரன் யாருங்க? புதுசில் எதை வாங்குவது?

கோபிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கேள்வி இரண்டு. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவதற்கே போக முடியும்.

பெருந்துறையில் இருக்கும் அக்கா மகன் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) வாங்கியிருக்கிறான். நோம்பிக்குப் போயிருந்தபோது, "மாமா, உங்க காலத்து கேம் ஏதாச்சும் சொல்லுங்க, வாங்கலாம்" என்றான். உங்க காலத்து! எனக்கு முப்பத்தாறு வயதுதான் ஆகிறது. சரி, பையன் ஆசையாகக் கேட்கிறானே என்று கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நான் பாதியில் விட்ட மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர் (ஸ்னேக் என்ற உளவாளி காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து போகும் கேம்) இரண்டு விதமாக நிற்கிறது. பழசையே தூசி தட்டிக் கொடுக்கும் மாஸ்டர் கலெக்‌ஷன் ஒன்று. முழுக்கப் புதிதாகச் செய்த டெல்டா இன்னொன்று. எதை வாங்குவது என்பதுதான் இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு 2008-க்குப் போக வேண்டும். அப்போது நான் பி.காம். இரண்டாம் வருடம். துபாயில் இருந்து வந்த பெரியப்பா மகன் தன்னுடைய பிஎஸ்2-வை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். காப்பி டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பெட்டி. டிஸ்க் எல்லாம் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில், ஒன்று ஐம்பது ரூபாய். பிளாஸ்டிக் உறை, மேலே மார்க்கர் பேனாவில் பெயர். அட்டைப் படமும் கிடையாது, கையேடும் கிடையாது. என்ன கேம், எப்படி விளையாட வேண்டும் என்பதெல்லாம் நாமே தடவிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கரண்ட் கட் ஆரம்பித்த புதிது அது. எங்கள் வீதியில் காலை பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். அதனால் 9:50 ஆனதும் ஸ்னேக் எந்தப் புதருக்குள் கிடந்தாலும் சரி, ரேடியோவை எடுத்து சேவ் பண்ணிவிடுவேன். ஒரு நாள் கதையில் அவனைப் பிடித்து, அடித்து உதைத்து, ஒரு கண்ணையும் போக்கி, சிறையில் தள்ளிவிட்டார்கள். மேல்சட்டை இல்லை, துப்பாக்கி இல்லை. வெளியே ஒரு காவலாளி. மணி பார்த்தேன், 9:52. சேவ் பண்ணிவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. லோடு பண்ணினால் ஸ்னேக்கைக் காணோம்! இருட்டில் எவனோ ஒருவன், இரண்டு கையிலும் கொக்கிபோல வளைந்த கத்தி, எதிரே பேய் மாதிரி ஆட்கள், வெட்டு வெட்டு என்று வெட்டுகிறான். ஒளிந்து ஒளிந்து பொட்டாட்டம் போகிற கேம் அது. அதற்குள் இந்த ரணகளம் எங்கிருந்து வந்தது? பயந்து போய் சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் அவனே. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, இரண்டு கேமையும் ஒரே டிஸ்க்கில் கலந்து அடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பஸ் ஏறிக் கோவைக்கே போனேன். கடைக்கார அண்ணன் டிஸ்க்கைப் பனியனில் துடைத்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் போச்சு தம்பி" என்றார். இருநூறு ரூபாய்க்கு லென்ஸ் சுத்தம் செய்து, டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு ஒரு கிரிக்கெட் கேம் வாங்கி வந்தேன். அத்தோடு சரி.

இதற்கு முன்பும் அந்த டிஸ்க் ஒரு வேலை காட்டியது. காட்டுக்குள் ஒரு கிழவன் தூரத்தில் இருந்து சுடுவானே, அவனிடம் நாள் முழுக்க அடி வாங்கினேன். நடுவில் சேவ் பண்ணிவிட்டு மாரியம்மன் நோம்பிக்கு அமுச்சி ஊருக்குப் போனேன். பத்து நாள் கழித்து வந்து போட்டால் கிழவன் செத்துக் கிடக்கிறான். நான் ஒரு குண்டும் சுடவில்லை. அதையும் டிஸ்க் கோளாறு என்றே நினைத்துக்கொண்டேன். அந்தக் கோளாறு எனக்கு வசதியாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அட்டாலியில் இருந்து பிஎஸ்2-வை இறக்கினேன். பெட்டி உயிரோடு இல்லை. மெமரி கார்டு மட்டும் இருக்கிறது. யாராவது அந்தக் கத்திக்காரனைப் பார்த்திருக்கிறீர்களா?


ஆனமலை:

அண்ணா, சிரிப்பை அடக்க முடியவில்லை. டிஸ்க்கிலும் கோளாறு இல்லை, லென்ஸிலும் கோளாறு இல்லை. இருநூறு ரூபாய் போனது போனதுதான்.


ராத்திரி ஷிப்ட்:

கோபி அண்ணா, நீங்கள் பார்த்தது ஸ்னேக் கண்ட கெட்ட கனவு. அந்தச் சிறைக்குள் இருக்கும்போது சேவ் பண்ணி, வெளியே வந்து, திரும்ப லோடு பண்ணினால் மட்டும்தான் அது வரும். விடாமல் ஒரே மூச்சில் விளையாடியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்களுக்குக் காட்டியது மின்வாரியம். கொஞ்ச நேரம் அணைக்காமல் பொறுத்திருந்தால் ஸ்னேக் திடுக்கிட்டு விழித்து அதே சிறையில் எழுந்திருப்பான். சேவ் பண்ணும்போது ரேடியோவில் அந்த டாக்டர் பெண் ரத்தக்காட்டேரிப் படத்தைப் பற்றிப் பேசியிருப்பாளே, கவனித்தீர்களா? அதைக் கேட்டுவிட்டுப் படுத்தவனுக்குத்தான் அந்தக் கனவு.

கிழவன் செத்ததும் கோளாறு இல்லை. அவன் பெயர் தி எண்ட், நூறு வயதைத் தாண்டியவன். சண்டை நடுவில் சேவ் பண்ணிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் வயதாகிச் செத்திருப்பான். பெட்டியின் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தும் அதைச் செய்யலாம். நீங்கள் நோம்பிக்குப் போய்ச் செய்திருக்கிறீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் கதைக்கு இதில்தான் விஷயமே இருக்கிறது. 2004-இல் பிஎஸ்2-க்கு வந்த முதல் பதிப்பில்தான் அந்தக் கனவு இருந்தது. அடுத்து வந்த சப்சிஸ்டன்ஸ் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 2011-இல் பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் எச்டி கலெக்‌ஷன் வந்தபோதும் இல்லை. 2023 அக்டோபரில் வந்த மாஸ்டர் கலெக்‌ஷனில் இருப்பது அந்த எச்டி பதிப்பேதான், அதனால் அதிலும் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெல்டாவில் மறுபடி கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் கனவுப் பகுதியை மட்டும் பிளாட்டினம் கேம்ஸ் என்ற வேறு கம்பெனியிடம் கொடுத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். ஆக, பழசை அப்படியே தருகிறோம் என்று வந்ததில் உங்கள் கத்திக்காரன் இல்லை. முழுக்க மாற்றிச் செய்ததில் இருக்கிறான்.

இன்னொன்று, பட்டன். பிஎஸ்2 ஜாய்ஸ்டிக்கில் சதுரம், வட்டம் எல்லாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும். இந்த கேம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. துப்பாக்கியை நீட்டிவிட்டுச் சுட வேண்டாம் என்று தோன்றினால் சதுரத்தை மெல்ல மெல்ல விடுவோம், துப்பாக்கி தணியும். வெடுக்கென்று விட்டால் வெடித்துவிடும். காவலாளியைப் பின்னால் போய்ப் பிடித்துவிட்டு வட்டத்தை லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் பிடி நிற்கும், இறுக்கி அழுத்தினால் கழுத்து போச்சு. நான் விசாரிக்கப் பிடித்த ஆட்களில் பாதிப் பேர் பதில் சொல்லும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். பிஎஸ்3 வரை அந்தப் பட்டன் இருந்தது. பிஎஸ்4-இல் இருந்து கிடையாது. புதியதில் அழுத்தத்தை உணர்வது பின்பக்கத்து விசைகள் மட்டும்தான். அதனால் மாஸ்டர் கலெக்‌ஷனில் அந்த வேலைக்கெல்லாம் வேறு பட்டனையும் சேர்த்து அழுத்தப் பழக வேண்டும். கை பழசை மறந்திருந்தால் கஷ்டமில்லை. மறக்காத கைக்கு முதல் இரண்டு மணி நேரம் எரிச்சல்தான்.

எனக்கு டையிங் யூனிட்டில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் படுப்பவன். எனக்கு மாஸ்டர் கலெக்‌ஷனே போதும் என்றிருந்தது. மெட்டல் கியர், மெட்டல் கியர் 2, சாலிட் 1, 2, 3 என்று ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கிறதே. வந்த புதிதில் 2-உம் 3-உம் தெளிவு குறைந்த 720பி-யில்தான் ஓடின என்று திட்டாத ஆள் இல்லை. ஆனால் உங்கள் வழக்கு வேறு. டெல்டா வாங்குங்கள்.


நொய்யல் 89:

முதல் மெட்டல் கியர் சாலிடுக்கும் உறை இல்லாத டிஸ்க்கால் வந்த வினை ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் ரேடியோ எண் வேண்டும், "சிடி பெட்டியின் பின்பக்கம் இருக்கும்" என்பார் கதையில் வரும் ஆயுதக் கம்பெனித் தலைவர். நிஜமாகவே கடையில் வாங்கும் பெட்டியின் பின் அட்டையில் அது அச்சாகியிருக்கும். நம்மிடம் இருந்தது பாலிதீன் கவர். கதைக்குள் எங்கேயோ ஒரு சிடி பெட்டி கிடக்கிறது என்று நினைத்து நான் ஒவ்வொரு அறையாக இரண்டு நாள் தேடினேன். அப்புறம் வெறுத்துப் போய் 140.00-இல் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 140.15-இல் பிடித்தேன். காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஐந்து நொடி வேலை.

அதே கேமில் மனதைப் படிக்கும் ஒருவன் வருவான், ஜாய்ஸ்டிக்கை இரண்டாவது ஓட்டையில் மாற்றிச் சொருகினால்தான் அவனை அடிக்க முடியும். இப்போது ஓட்டையே இல்லாத பெட்டியில் என்ன செய்வார்கள் என்று பார்த்தேன். மாஸ்டர் கலெக்‌ஷனில் மெனுவுக்குள் போய் மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கிறது. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிச் சொருகிய அந்தத் திகில் இல்லை.


ஆனமலை:

எல்லாம் சரி, ஐஜிஐ (ப்ராஜெக்ட் ஐஜிஐ என்ற பழைய துப்பாக்கி கேம்) புதுசாக எப்போது வரும்? 2000-இல் வந்த கேம், பிரவுசிங் சென்டருக்குப் போன ஒவ்வொருவனும் அந்த முதல் மிஷனில் வேலியைத் தாண்டியிருப்பான். கம்ப்யூட்டரைத் தவிர எந்த கன்சோலுக்கும் அது வந்ததே இல்லை. மிஷன் நடுவில் சேவ் வேறு கிடையாது. பொள்ளாச்சியில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, கடைசிக் கதவு வரை போய், யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்ததும் ஓடிப்போய் முடித்த நாளெல்லாம் உண்டு. பழைய கேமை எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் கண்ணில் அது மட்டும் படவே படாது போல.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இதே மாதிரி ஒளிந்து விளையாடும் ஸ்பிளின்டர் செல் கேமின் பழைய பாகங்கள் சீரீஸ் எக்ஸ் வரை அப்படியே ஓடுகின்றன. விளக்கை உடைத்துவிட்டு இருட்டில் நிற்பதுதான் அதில் மொத்த வித்தையும். நிழல் சரியாக விழாவிட்டால் கேமே இல்லை. கம்ப்யூட்டரில் முதல் பாகத்தைப் புது கிராபிக்ஸ் கார்டில் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.


கோபிக்காரன்:

ராத்திரி ஷிப்ட் தம்பிக்குக் கோடி நன்றி. கனவு என்று படித்ததும் மண்டியில் உட்கார்ந்திருந்தவன் தனியாகச் சிரித்தேன். மஞ்சள் மூட்டைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டெல்டாவே வாங்கினோம். போன சனிக்கிழமை பொழுதோட பெருந்துறைக்குப் போய் உட்கார்ந்தேன். குரல் எல்லாம் அன்றைக்குக் கேட்டதே, பழைய பதிவை அப்படியே வைத்திருக்கிறார்கள். காடுதான் வேறு காடு. பழசில் புல் என்றால் பச்சையாக ஒரு பரப்பு, அவ்வளவுதான். இதில் சேற்றில் ஊர்ந்தால் முதுகில் சேறு காய்ந்து வெடிக்கிறது. பட்டன் அமைப்பு பழையதா புதியதா என்று கேம் கேட்டது. பையன் புதியதை வைத்தான், நான் பழையதுக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் நானே திரும்பப் புதியதற்கு வந்துவிட்டேன். அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை, தவறுதலாக மாறிவிட்டது என்று சொன்னேன்.

கை மட்டும் பழசை விடமாட்டேன் என்கிறது. ஒரு காவலாளியைப் பின்னால் இருந்து பிடித்ததும் கட்டைவிரல் தானாக வட்டத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு, முட்டையைப் பிடித்த மாதிரி நிற்கிறது. பட்டன் லேசாகத் தொட்டாலும் ஒன்றுதான், குத்தினாலும் ஒன்றுதான். பையன் பக்கத்தில் இருந்து, "மாமா, எதுக்கு இப்படி மூச்சைப் புடிச்சுட்டு இருக்கீங்க, சுட்டுத் தள்ளுங்க" என்கிறான். அவனுக்கு அரை மணி நேரம் ஒரே புதருக்குள் படுத்திருப்பது பொறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஜாய்ஸ்டிக்கை எடுத்து, தவளை மாதிரி குந்திக் குந்தி அந்தப் பாலத்தைப் பொட்டாட்டம் தாண்டி வைத்திருந்தான். ஒருத்தனும் பார்க்கவில்லை. சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை நான்.

நேற்றுப் போய்ச் சிறைக்கு வந்து சேர்ந்தோம். கரண்ட் இருந்தது. இருந்தும் சேவ் பண்ணி, வெளியே வந்து, நானே சுவர் சுவிட்சை அணைத்தேன். அக்கா உள்ளே இருந்து "பெட்டி என்ன ஆகுமோ, இப்படியா அணைப்பது" என்று சத்தம் போட்டாள். மறுபடி போட்டு லோடு பண்ணினோம்.

வந்துவிட்டான். பையன் "மாமா, கேம் மாறிடுச்சு!" என்று சுவிட்சை நோக்கி எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இப்போது இன்னொரு சங்கடம். கனவு முடிந்து சிறையில் எழுந்தாயிற்று. நான் இதற்கு மேல் போனதே இல்லையே! கதவு எப்படித் திறக்கும்? காவலாளி சாப்பாடு கொடுக்கிறான், பேசுகிறான், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சுவரைத் தடவிக்கொண்டிருந்தோம்.


ராத்திரி ஷிப்ட்:

பழசில் ரேடியோவில் 144.75 போட்டால் கதவு திறக்கும். முதலில் அதையே போட்டுப் பாருங்க அண்ணா. நொய்யல் மாதிரி ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்.