புதுப்பிப்பு: குட்டி ஹோஸ்டாவில் வந்த முழுப் பச்சைத் தளிர்கள்

டொராண்டோவில் எங்கள் பின்கட்டு மேப்பிள் மர நிழலில் வைத்த 'பண்டோராஸ் பாக்ஸ்' ஹோஸ்டாவில் (இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடியின் குட்டி ரகம்; இலை நடுவில் வெள்ளை, விளிம்பில் பச்சை), நடுவில் வெள்ளையே இல்லாத முழுப் பச்சை இலைகள் வருகின்றனவே, என்ன செய்யலாம் என்று போன கோடையில் கேட்டிருந்தேன். இலையைக் கிள்ளினால் போதும் என்றார்கள் பலர். தூரோடு பிரித்தெடுங்கள் என்றார் ஒருவர். அவர் சொன்னதே சரி.

கிள்ளிய இடத்தில் திரும்பவும் பச்சைதான் வந்தது. முளையே மாறிவிட்ட பிறகு இலையைக் குறை சொல்லி என்ன பயன்? வெள்ளைப் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. முழுப் பச்சை இலைகளோ உணவை அள்ளித் தயாரித்து, விட்டால் தூர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மே மாதம், முளைகள் சுருட்டு மாதிரி நிமிர்ந்து நின்றபோது தோண்டி, வேர் மண்ணை அலசி, பச்சை முளைகளை அடிக்கட்டையோடு அறுத்தேன். கத்தியை முதலில் ப்ளீச் தண்ணீரில் முக்கிக்கொண்டேன். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்ற நோய்க்கிருமி செடியின் சாறு வழியாகப் பரவும், வந்தால் மருந்து கிடையாது.

இப்போது உள்ளங்கை அகலத்துக்கு, பாலாடை வெள்ளையும் நீலப்பச்சை விளிம்புமாக இருக்கிறது. மேப்பிள் வேர்கள் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். நத்தைகளுக்கு அயர்ன் பாஸ்பேட் குருணை. வெட்டிய பச்சைத் துண்டையும் வேலியோரம் நட்டேன், வெட்கமில்லாமல் அதுதான் வேகமாக வளர்கிறது.

சென்னையில் வளருமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இதற்கு நீண்ட குளிர் உறக்கம் தேவை. நிழலுக்கு வண்ண இலைதான் ஆசை என்றால் கலேடியம் வையுங்கள்.