பட்டம் வாங்கிய கையோடு ராணுவம்: 'போகாதே' என்று சொல்லப் பெற்றவர்களுக்கு உரிமை உண்டா?

முகிலம்மா:
என் மகன் இந்த ஆண்டுதான் பொறியியல் முடித்தான். கடைசி செமஸ்டரிலேயே வேலைக்கான கடிதமும் கைக்கு வந்துவிட்டது. அதை மேசையில் வைத்துவிட்டு, "நான் ராணுவத்துக்குப் போறேன்" என்றான். தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, உடற்தகுதியிலும் தேறிய பிறகுதான் எங்களிடமே சொல்கிறான். எந்த நாட்டு ராணுவம் என்பதை இங்கே விட்டுவிடுவோம். அதை ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

அவன் அப்பா வெளியில் பெருமையாகத்தான் பேசுகிறார், ராத்திரி தூங்குவதில்லை. நான் நேரடியாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் சேர்க்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், படிப்பு, ரத்த வகை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை நிறுத்தி, "உடனடியாத் தகவல் சொல்ல வேண்டியவர் யார்னு கேட்டிருக்காங்கம்மா. உங்க பேரா, அப்பா பேரா?" என்றான். கல்லூரி விடுதியில் சேர்த்தபோதும் இதே கேள்வி இருந்தது, என் பெயரைத்தான் போட்டோம். அன்று அது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவதற்கு. நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அவன் அப்பா பெயரை எழுதிவிட்டான்.

படிக்க வைத்து ஆளாக்கிய பிறகு 'போகாதே' என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா? ஆறுதல் வேண்டாம். வாதம் செய்யுங்கள்.

சீருடைக்காரன்:
அம்மா, கேட்டபடியே ஆறுதல் இல்லாமல் சொல்கிறேன். இல்லை.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை தானாக முன்வந்து சேர்ந்தால் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று 2000-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட விருப்ப நெறிமுறை, அதாவது நாடுகள் விரும்பினால் சேர்ந்துகொள்ளும் கூடுதல் ஒப்பந்தம் ஒன்று சொல்கிறது. அந்த வயதை உங்கள் மகன் எப்போதோ தாண்டிவிட்டான். பட்டதாரி, வேறு வேலை கையில் இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். வேறு வழியில்லாமல் சேர்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் அந்த வகை இல்லை என்பதையாவது நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பொறியியல் படித்தவன் என்றால் பாலம், ரேடார், தகவல்தொடர்பு, வாகனப் பராமரிப்பு என்று போக வாய்ப்பு அதிகம். இன்றைய பெரிய ராணுவங்களில் முன்வரிசையில் நிற்பவர்களைவிட அவர்களுக்குப் பின்னால் வேலை செய்பவர்கள்தான் கூட்டம்.

பயிற்சியில் பையன்கள் எதனால் உடைகிறார்கள் தெரியுமா? ஓட்டத்தாலும் பட்டினியாலும் உடைபவர்கள் குறைவு. கிளம்பும்போது வீட்டில் அழுது ஆர்ப்பாட்டம் செய்து அனுப்பியவர்களின் பிள்ளைகள்தான் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் பாரம் அவன் முதுகுப் பையில் ஏறும்.

கேள்விக்குறி:
ஐயா, சட்டம் சம்மதம் கேட்கவில்லை என்பதற்காகப் பெற்றவர்கள் கருத்தே சொல்லக் கூடாதா? கல்யாணத்துக்கும் சட்டம் நம்மிடம் கேட்பதில்லை, வாயை மூடிக்கொண்டா இருக்கிறோம்?

கம்பெனி வேலை பிடிக்கவில்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ராணுவத்தில் ஒப்பந்தக் காலம் முடியுமுன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் அதற்குப் பெயர் ராஜினாமா இல்லை, குற்றம். இருபத்திரண்டு வயதில் எடுக்கிற முடிவுகளில் இப்படித் திரும்ப முடியாதவை எத்தனை? அதனால்தான் யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று கேட்க வேண்டும்.

ஆள்சேர்ப்பு விளம்பரத்தைப் பாருங்கள். பாராசூட், பனிமலை, மடிப்புக் கலையாத சீருடை. செயற்கைக் கால் பொருத்தும் மையத்தை எந்த விளம்பரத்திலாவது காட்டியிருக்கிறார்களா? காட்டமாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. விளம்பரத்தில் வராததைச் சொல்கிற வேலை வீட்டுக்குத்தான் வருகிறது.

'பின்வரிசைதானே' என்ற சமாதானமும் பழசாகிவிட்டது. ட்ரோனும் நெடுந்தூர ஏவுகணையும் வந்த பிறகு ரேடாரும் கிடங்கும்தான் முதல் குறி. நீங்கள் பாதுகாப்பு என்று சொன்ன பட்டியலை எதிரி இலக்குப் பட்டியலாக வைத்திருப்பான்.

வெற்றிவேல்:
எல்லா அம்மாக்களும் இப்படியே நினைத்தால் எல்லையில் யார் நிற்பது? வீரத்தாயாக இருங்கள் அம்மா. நாட்டுக்காகப் பெற்ற பிள்ளை!

முகிலம்மா:
தம்பி, நான் அவனை நாட்டுக்காகப் பெறவில்லை. பெற்றேன், அவ்வளவுதான். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?

வெற்றிவேல்:
இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சீருடைக்காரன்:
வெற்றிவேல், வயது வரம்புக்குள் இருந்தால் நீங்களே போகலாம். 'வீரத்தாய்' பட்டம் கொடுக்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாலையோடு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த மாதம் ஓய்வூதியக் கோப்போடு அந்த அம்மா அலைகிறபோது ஒருவரும் கூடப் போவதில்லை. கேள்விக்குறியோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனாலும் அவர் உங்களைவிட மரியாதையாகப் பேசுகிறார்.

தேன்மொழி:
நான் தங்கையாகச் சொல்கிறேன். அண்ணன் டிகிரி முடித்த கையோடு சேர்ந்தபோது அப்பா அடியோடு பேச்சை நிறுத்திவிட்டார். போன் வந்தால் அம்மா கையில் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஆனால் அவர் போனில் வானிலை பார்க்கிற இடத்தில் எங்கள் ஊருக்குக் கீழே அண்ணன் இருந்த ஊரும் இருந்தது. காலையில் பல் துலக்கும் முன் அதைத்தான் பார்ப்பார். "மைனஸ்ல போகுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வார். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. அப்பா தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்றே நினைத்திருந்தான்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், அண்ணன் எங்களுக்கு நல்ல செய்தி மட்டுமே சொல்ல ஆரம்பித்தான். பயிற்சியில் கை எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். விடுப்பில் வந்த அவன் நண்பன் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டால், "சொன்னா 'அன்னைக்கே சொன்னேனே'ன்னு அப்பா ஆரம்பிப்பார்" என்றான்.

முகிலம்மா, உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எதிர்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு நீங்கள் அவனைப் பற்றிப் பயப்படக்கூட முடியாது, எதற்குப் பயப்படுவது என்றே தெரியாதே.

கேள்விக்குறி:
தேன்மொழி, உங்கள் அப்பா செய்தது பேசாமல் இருந்தது. நான் பேசச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேன்மொழி:
சகோ, ஆரம்பத்தில் அப்பாவும் உங்களைப் போல நன்றாகத்தான் வாதாடினார். வாதத்தில் தோற்ற பிறகுதான் மௌனம்.

கரிக்கோடு:
'வேண்டாம்' என்ற அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 'போ' என்ற அம்மா ஒருவரைச் சொல்கிறேன். கேத்தே கோல்விட்ஸ், ஜெர்மன் ஓவியர், சிற்பி. 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் இளைய மகன் பீட்டர் தானாக முன்வந்து சேர விரும்பினான். வயது 18. அன்றைய சட்டப்படி அவன் இன்னும் மேஜர் ஆகவில்லை, அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார். அம்மாதான் மகனுக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் இறந்துவிட்டான்.

அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய வேண்டும் என்று தொடங்கியவருக்கு அதை முடிக்க 1932 வரை ஆயிற்று. இப்போது பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற இடத்தில் ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அதில் மகன் இல்லை. மண்டியிட்ட அப்பா, மண்டியிட்ட அம்மா, இரண்டும் தனித்தனிப் பீடத்தில். அப்பா தன் கைகளாலேயே தன்னை இறுக்கிக்கொண்டிருக்கிறார், அம்மா குனிந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடவில்லை. படத்தில் பார்த்தபோது என்னை உலுக்கியது அந்த இடைவெளிதான். பிள்ளை விஷயத்தில் ஒருவர் சரி என்று, மற்றவர் வேண்டாம் என்ற வீட்டில் பிறகு அந்த இருவரும் எப்படிச் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்? முகிலம்மா, மகனிடம் பேசுவது இருக்கட்டும், தூங்காமல் இருக்கிற அவன் அப்பாவிடம் பேசினீர்களா?

சீருடைக்காரன்:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதிலிருந்து தவறான பாடத்தை எடுக்க வேண்டாம். அன்று ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. அம்மா தடுத்திருந்தாலும் பின்னால் அரசாங்கமே அவனைக் கூப்பிட்டிருக்கும். 'நான் சரி என்று சொன்னதால்தான் போனான்' என்பது ஒரு தாயின் துக்கம். அதை எல்லா வீட்டுக்கும் விதியாக்கினால் எந்தப் பெற்றோரும் எதற்கும் சம்மதம் சொல்ல முடியாது.

கேள்விக்குறி:
அப்படியானால் பெற்றவர்கள் குரல் எங்கேதான் செல்லுபடியாகும்? சோவியத் யூனியனில் 1989-இல் சிப்பாய்களின் தாய்மார் அமைப்பு உருவானது. 1994-இல் ரஷ்யாவின் செச்சென்யாவில் தொடங்கிய முதல் செச்சென் போரின்போது அந்தத் தாய்மார்கள் போர் நடக்கிற இடத்துக்கே போய் மகன்களைத் தேடினார்கள். இஸ்ரேலில் 1997-இல் இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 பேர் இறந்த பிறகு, லெபனானில் மகன்கள் பணிபுரிந்த நான்கு தாய்மார்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2000-இல் படை லெபனானிலிருந்து திரும்பியது. அதற்கு அவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களைத் தவிர்த்துவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அம்மாவின் 'வேண்டாம்' உணர்ச்சிவசம் மட்டும்தான் என்று யார் சொன்னது?

சீருடைக்காரன்:
அவை கட்டாயச் சேவை நடக்கிற நாடுகள். பிள்ளையை அரசாங்கம் இழுத்துப் போனது, அம்மாக்கள் அரசாங்கத்திடம் கேட்டார்கள். இங்கே பிள்ளை தானாகப் போகிறான். யாரிடம் கேட்பீர்கள்?

கேள்விக்குறி:
தானாகப் போனவனை எங்கே அனுப்புகிறார்கள், எதற்கு அனுப்புகிறார்கள் என்று கேட்க அம்மாவுக்கு உரிமை போய்விடுமா? அவன் கையெழுத்துப் போட்டது அவன் சார்பில்தான். அம்மாவின் வாய்க்கும் சேர்த்துப் போடவில்லை.

பாதரசம்:
இவ்வளவு பேசியும் ஒருவரும் தொடாத ஒரு விஷயம். எல்லோரும் பிள்ளை சாவதைப் பற்றியே பயப்படுகிறோம். பிள்ளை கொல்ல நேரலாம் என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை?

போரிலிருந்து வந்தவர்களின் மன நெருக்கடி, பி.டி.எஸ்.டி. (PTSD) என்ற பெயரில் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஒரு நோயாக இடம்பெற்றது. அதற்குப் பின் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே இன்னொன்றைப் பற்றி எழுதினார். பயத்தினால் வருவது ஒரு காயம், தன் மனசாட்சி தவறு என்று சொன்னதைச் செய்ய நேர்ந்ததால், அல்லது மேலே இருப்பவர்கள் கைவிட்டதால் வருவது வேறொரு காயம். இரண்டாவது உடம்பில் தெரியாது. வீடு திரும்பி, வேலைக்குப் போய், சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பான்.

முகிலம்மா, 'உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்பதை விட்டுவிட்டு இதை அவனிடம் கேளுங்கள்: தவறு என்று தோன்றுகிற உத்தரவு வந்தால் என்ன செய்வாய்? பதில் சரியா தவறா என்பது பிறகு. யோசித்திருக்கிறானா என்று தெரிந்துவிடும்.

சீருடைக்காரன்:
இதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. கேள்வி நியாயமானது. என்னை யாரும் கேட்கவில்லை.

முகிலம்மா:
எல்லோருக்கும் நன்றி. வெற்றிவேல் தம்பிக்கும்தான்.

பாதரசம் சொன்னதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "யோசிச்சிருக்கேன்மா. முழுசா பதில் தெரியல. ஆனா எல்லாம் தெரியும்னு நினைக்கிறவன் மட்டுமே அங்க இருந்தா அது இன்னும் மோசம் இல்லையா?" என்றான். இது பதிலா, சாமர்த்தியமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து ஒப்பந்தக் கால விதிகளையும், காயம்பட்டால் என்ன கிடைக்கும், இடையில் விலக வேண்டுமென்றால் என்ன செய்வது என்பதையும் வாசித்தோம். அவனுக்கே தெரியாதவை அதில் இருந்தன. அவன் அப்பா அவனைவிட அதிகமாகப் படித்து வைத்திருந்தார். ராத்திரி தூங்காமல் அதைத்தான் செய்திருக்கிறார் மனுஷன்.

என் கருத்து மாறவில்லை. போக வேண்டாம் என்றுதான் இன்றும் சொன்னேன், அவன் போகத்தான் போகிறான். ஆனால் தேன்மொழி சொன்னது உறைத்தது. கை உடைந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும், 'அன்றைக்கே சொன்னேனே' என்று நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று பேசி முடித்திருக்கிறோம்.

சீருடைக்காரன்:
வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வழியனுப்ப முடியாது அம்மா. ஏதாவது ஒன்றுதான் நடக்கும்.

கேள்விக்குறி:
ஏன் முடியாது? சம்மதித்தால்தான் வழியனுப்ப வேண்டும் என்றால் பாதி ரயில் நிலையம் காலியாக இருக்கும்.

சீருடைக்காரன்:
சரி, உங்களோடு பேசித் தீராது. முகிலம்மா, ஒரே ஒரு நடைமுறை விஷயம். பயிற்சியின் தொடக்கத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். செய்தி இல்லை என்றால் பதற வேண்டாம். பிறகு கூப்பிட விடும்போது சில நிமிடம்தான் கிடைக்கும், பின்னால் வரிசையில் ஆள் நிற்பான். அழுதால் அதிலேயே நேரம் போய்விடும். சாப்பிட்டாயா என்றும் கேட்காதீர்கள். எல்லோரும் அதையே கேட்பார்கள், எல்லோரும் பொய்யே சொல்வார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், அவனுக்கு அதுதான் வேண்டும்.

முகிலம்மா:
அழாமல் இருக்கப் பார்க்கிறேன் ஐயா. சாப்பிட்டாயா என்று கேட்காமல் இருக்க என்னால் ஆகாது.